சீசனின் கடைசி வாரம்

சென்னை டிசம்பர் இசை விழாவின் கடைசி வாரம் கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கிப் புத்தாண்டு நாளோடு முடிகிறது. மியூசிக் அகாடமியின் விழா வழக்கமாக டிசம்பர் 15இல் ஆரம்பித்து ஜனவரி 1 வரை நடக்கும். ரசிகர்கள் ‘சீசன்’ என்று சொல்வதன் நடுநாயகம் இந்த நாட்களே. இதே காலத்தில் நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பார்த்தசாரதி சுவாமி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் முதலிய சபாக்களிலும், ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவிலும் கச்சேரிகள் நடக்கின்றன. நவம்பரிலேயே தொடங்கிவிடும் சபாக்களும் உண்டு. ஆகவே கடைசி வாரத்துக்கு வந்து சேரும் ரசிகரின் காதுக்குள் ஏற்கெனவே ஒரு மாதச் சங்கீதம் இறங்கியிருக்கக்கூடும்.

இந்த நெரிசலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததே 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. டிசம்பரின் பிற்பகுதி எல்லாருக்கும் தோதான காலம்: மழை ஓயும், வெயில் கடுமையாக இருக்காது, நீதிமன்றத்துக்கும் கல்லூரிக்கும் விடுமுறை. மற்ற சபாக்களும் அதே நாட்களையே பிடித்துக்கொண்டன. ஆண்டு முழுவதும் பரவியிருக்க வேண்டிய கச்சேரிகள் சில வாரங்களுக்குள் வந்து குவிந்தன. கடைசி வாரத்தின் களைப்புக்கு வேர் இந்தக் குவிப்புதான்.

தீவிர ரசிகரின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். மார்கழி என்பதால் சிலர் விடியுமுன்பே மயிலாப்பூர் மாடவீதி பஜனைக்குப் போய்விடுகிறார்கள். காலை 8 மணியளவில் அகாடமியில் செயல்விளக்க உரை, அதாவது ‘லெக்-டெம்’. பிறகு நண்பகலிலிருந்து இளைய கலைஞர்களின் கச்சேரிகள், மாலை 4 மணி வாக்கில் ஒரு கச்சேரி, இருட்டிய பிறகு இரண்டரை மணி நேர முதன்மைக் கச்சேரி. மங்களம் பாடி முடிய இரவு ஒன்பது தாண்டிவிடும். ஆட்டோ பிடித்து வீடு சேர்ந்து படுத்தால், மறுநாளைய தினசரி டிக்கெட் வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டியவர்களும் உண்டு. தினம் ஓரிரு மணி நேரம் குறையும் தூக்கம் கடனாகச் சேர்ந்து, இரண்டாம் வாரத்தில் வசூலிக்க வந்துவிடுகிறது.

ஆனால் உடம்பின் அசதியை விடப் பெரியது கவனத்தின் அசதி. கர்நாடக இசையைக் கேட்பது சும்மா உட்கார்ந்திருப்பதல்ல. ஆலாபனையின் முதல் சில பிடிகளில் ராகத்தை அடையாளம் காண வேண்டும். கீர்த்தனையில் ஒவ்வொரு சங்கதியும் முந்தையதிலிருந்து எப்படி விரிகிறது என்று பார்க்க வேண்டும். நிரவலிலும் கல்பனாஸ்வரத்திலும் எடுப்பு தவறாமல் தொடையில் தாளம் போட வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கணக்கு வைத்து எங்கெங்கோ போனாலும், கேட்பவரின் விரல்கள் எண்ணிக்கையை விடக்கூடாது. இதை நாளுக்கு எட்டு மணி நேரம், பல நாட்கள் தொடர்ந்து செய்தால் மனம் தளராமல் என்ன செய்யும்?

தளர்ச்சி முதலில் தெரிவது நெருங்கிய ராகங்களில். தர்பாரும் நாயகியும் 22ஆவது மேளமான கரஹரப்பிரியாவின் ஜன்யங்கள். 29ஆவது மேளமான சங்கராபரணத்தின் பிள்ளைகள் ஆரபியும் தேவகாந்தாரியும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஸ்வரங்களின் பட்டியல் அல்ல, நடையும் அசைவும் நிறுத்தங்களும்தான். டிசம்பர் 16 அன்று சட்டென்று பெயர் சொன்ன ரசிகர் 28 அன்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிறார். கல்யாணியும் தோடியும் காம்போதியும் நாள் தவறாமல் வருவதால், நேற்றுக் கேட்ட காம்போதியும் இன்று கேட்கும் காம்போதியும் நினைவில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. குறிப்பேட்டில் பாடல் பட்டியல் எழுதிவைக்கும் பழக்கம் பல ரசிகர்களுக்கு இருப்பது இதனாலும்தான்.

காதுக்கும் ஒரு வரம்பு உண்டு. குரல், வயலின், மிருதங்கம் என ஒவ்வொன்றுக்கும் ஒலிவாங்கி வைத்து அரங்கு நிறையப் பெருக்குவது இன்றைய வழக்கம். பொதுவாக, 80 டெசிபல் அளவு ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஒலிபெருக்கிக்கு நேரெதிரே தினமும் உட்காருபவருக்கு இரவில் காது அடைத்தாற்போல இருப்பது உட்செவியின் மயிர் செல்கள் களைத்ததன் அடையாளம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஒலியைக் குறைப்பது சபாக்களுக்குச் செலவில்லாத சீர்திருத்தம். இதை ஏன் இன்னும் எல்லாரும் செய்யவில்லை என்று கேட்க ரசிகர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மார்கழிப் பனி, குளிரூட்டிய அரங்கு, வெளியே புழுதி என்று மாறி மாறிப் படுவதால் கடைசி வாரத்தில் அரங்கெங்கும் இருமல் கேட்கும். மேடையிலும் அதே நிலைதான். முன்னணிப் பாடகர் சில நாள் இடைவெளியில் சபா சபாவாகப் பாடுகிறார். அதுவும் கேட்டவர்களே மறுபடி வருவார்கள் என்பதால் பாடல்களை மாற்றி மாற்றி. பக்கவாத்தியக்காரர்களின் சுமை இன்னும் அதிகம். ஒரே நாளில் இரண்டு சபாக்களில் வாசிப்பவர்கள் உண்டு. தொண்டை கட்டிக்கொண்டு கச்சேரியை விட்டுக்கொடுக்க நேர்வதும் இந்த நாட்களில்தான். இருந்தும் டிசம்பர் முடிவில் கேட்கும் சில கச்சேரிகளுக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. வேகத்தையும் கணக்கையும் காட்டும் ஆசை தணிந்து, விளம்பகாலத்தில் ஒரு ராகத்தோடு நிதானமாக உட்காரும் மனம் பாடுபவருக்கும் வாய்க்கிறது.

இந்தக் களைப்புக்கு அதிக விலை கொடுப்பவர்கள் மதியக் கச்சேரியின் இளைய கலைஞர்கள். கேன்டீனில் இலைச் சாப்பாடு முடித்து வருபவருக்கு இயல்பாகவே தூக்கம் வரும் நேரம் அது. சோர்ந்த ரசிகர் முதலில் கைவிடுவதும் அந்தக் கச்சேரியைத்தான். பல ஆண்டு உழைப்புக்குப் பின் கிடைத்த மேடையில், பாதி காலியான, பாதி உறங்கும் அரங்கைப் பார்த்துப் பாடுவது கொடுமை. அனுமதி இலவசம் என்பதால் அந்தச் சங்கீதத்தின் தரம் குறைந்துவிடுவதில்லை.

பழகிய ரசிகர்கள் கடைசி வாரத்தை வேறு மாதிரி நடத்துகிறார்கள். நாளுக்கு ஒரு கச்சேரி, அதிகம் போனால் இரண்டு. நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு. மாலைக் கச்சேரியை விட்டுவிட்டு மதியக் கச்சேரிக்கு வருபவர்களும் உண்டு. முன்வரிசையை விட்டு நடு வரிசைக்கு நகர்வது, கேன்டீனில் வாழைப்பூ வடையை ரசித்தாலும் வயிற்றில் இடம் வைத்துக்கொள்வது, ஒரே இரவில் இரண்டு சபாவுக்கு ஓடாமல் ஒன்றில் மங்களம் வரை இருப்பது ஆகியவை அவர்கள் அனுபவத்தில் கற்றவை.

ஜனவரி 1 அன்று அகாடமியில் சதஸ் என்னும் விருதளிப்பு அவை கூடுகிறது. அகாடமியின் அந்த ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, காலை ‘லெக்-டெம்’ அமர்வுகளை நடத்திவந்த கலைஞருக்குச் சங்கீத கலாநிதி விருது அன்றுதான் வழங்கப்படுகிறது. சில நாட்களில் அதே அரங்கில் நாட்டிய விழா தொடங்கும். ரசிகர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பாடகர்களில் பலரும் அடுத்து ஆயத்தமாவது புஷ்ய பகுள பஞ்சமியில் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்கு.