மூட்டு ஜவ்வு ஆபரேஷன்: அடங்காத வலியை அலட்சியப்படுத்தாதீர்கள்

2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு, மூட்டு ஜவ்வுக் கிழிவுக்காக அரசு மருத்துவமனையில் ஆர்த்ராஸ்கோப்பி என்ற நுண்துளை ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் போட்ட கட்டு இறுகி, காலில் ரத்த ஓட்டம் நின்றுபோனது. காலையே அகற்ற வேண்டியதாயிற்று. அப்படியும் உள்ளுறுப்புகள் செயலிழந்து, நவம்பர் 15 அன்று அந்தப் பெண் இறந்துபோனார். கட்டு அளவுக்கு மீறி இறுகியதே காரணம் என்று அரசுத் தரப்பே சொன்னது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

கபடியிலோ பைக் விபத்திலோ முட்டி திருகி, ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டால் அது பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாரைக் கொஞ்சம் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். மிகப் பெரும்பாலானோர் நல்லபடியாகக் குணமடைந்து நடமாடுகிறார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அரிதாக நேரும் சிக்கல்களில் சில, மணிக்கணக்கில் முற்றிவிடக்கூடியவை.

அவற்றில் மிகக் கொடியது, மருத்துவர்கள் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று சொல்வது. முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளாக, அதிகம் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் இருக்கின்றன. ஆபரேஷனின்போது மூட்டுக்குள் பாய்ச்சும் உப்புநீர் அங்கே கசிந்தாலோ, ரத்தம் தேங்கினாலோ, வெளியே கட்டு இறுக்கினாலோ உள்ளே அழுத்தம் ஏறும். நுண்ணிய குழாய்களுக்குள் ரத்தம் புக முடியாது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் இப்படியே போனால் தசை மீள முடியாத அளவுக்குச் செத்துவிடும். செத்த தசையிலிருந்து கசியும் பொருட்கள் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். காலில் தொடங்கியது உயிரைப் பறிப்பது இப்படித்தான்.

இதன் முதல் அடையாளம் வலி. மாத்திரைக்கும் ஊசிக்கும் அடங்காமல், நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் வலி. கால் விரல்களை இன்னொருவர் மெல்ல மேல்நோக்கி வளைத்தாலே கெண்டைக்காலில் உயிர் போகிற மாதிரி வலிக்கும். சதை இறுகியிருக்கும், பாதம் மரத்துப்போகும். பாதத்தில் நாடி கிடைக்கிறது என்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதுகில் போட்ட ஊசியோ நரம்பை மரக்கவைக்கும் ஊசியோ இந்த வலியைச் சில மணி நேரம் மறைத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் முதல் இரவு முக்கியமாகிறது. “ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ” என்று நோயாளியின் வாயை அடைப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, கட்டைத் தோல் வரைக்கும் பிரித்துப் பார்ப்பது. அப்படியும் அழுத்தம் குறையாவிட்டால், உறையைக் கீறித் திறந்துவிட அவசர ஆபரேஷன் தேவைப்படும்.

மூட்டுக்குள் சீழ் பிடிப்பது அடுத்தது. பெரும்பாலான மருத்துவ அறிக்கைகளில் இது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பொருத்தப்போகும் தசைநாரை வான்கோமைசின் மருந்தில் ஊறவைக்கும் பழக்கம் வந்த பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. வீக்கம் வடிந்து வந்த முட்டி இரண்டாம், மூன்றாம் வாரத்தில் திரும்ப வீங்கிச் சூடாகும், மடக்க முடியாமல் வலிக்கும். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும், இல்லாமலும் போகலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்கிவிட்டுத் திரும்ப ஏறினால், மூட்டு நீரை எடுத்துப் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. சீக்கிரம் கழுவிச் சுத்தம் செய்து, உரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பொருத்திய ஜவ்வைப் பல நேரங்களில் காப்பாற்றிவிடலாம். தாமதித்தால் குருத்தெலும்பு அரித்துப்போகும். கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத இடங்களில், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் நுழைவதும் உண்டு. அவை வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்குப் பணியாமல், ஆறிய தையல் வழியே வாரக்கணக்கில் நீர் கசியவைக்கும்.

கெண்டைக்கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால், திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அப்போது 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். முட்டிக்குப் பின்னால் துடிக்கும் வீக்கம் தெரிந்தால், அங்கே ஓடும் தமனியில் காயம்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று உயிரைப் பறிக்காது, ஆனால் மனத்தை ஒடித்துவிடும். காயம் ஆறிய பிறகும் கால் தீயாய் எரியும், தோலின் நிறம் மாறும், துணி பட்டாலே துடிக்கவைக்கும். சி.ஆர்.பி.எஸ். என்ற நரம்புக் கோளாறு அது. ஸ்கேனில் தெளிவாக ஒன்றும் தெரியாததால் “நடிக்கிறாள்” என்ற பழியையும் நோயாளிகள் சேர்த்துச் சுமக்கிறார்கள். பிசியோதெரபியும் வலி மருத்துவமும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகின்றனவோ, அவ்வளவு நல்லது.

இப்போதெல்லாம் ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கண்காணிக்கும் வேலை அம்மாவுக்கோ அண்ணனுக்கோ வந்துவிடுகிறது. அவர்கள் கையில் கிடைப்பதோ ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் சம்மரி. எந்த வலிக்கு உடனே ஓடிவர வேண்டும், விரல் நீலம் பாய்ந்தால் என்ன செய்வது, ராத்திரி இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்பதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாமே. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.