'அடுத்த சூப்பர் ஸ்டார்' எங்கே போனார்? மலேசிய இளம் காற்பந்து வீரர்கள் 18 வயதில் தடுமாறுவது ஏன்?

2018 செப்டம்பர். 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் காற்பந்துப் போட்டி மலேசியாவில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே நம்ம பையன்கள் தஜிகிஸ்தானை 6-2 என்று வீழ்த்தினார்கள். அதில் 4 கோல்களை அடித்தவர் கிளந்தானைச் சேர்ந்த லுக்மான் ஹக்கிம் ஷம்சுடின். அப்போது அவருக்கு வயது 16.

அடுத்த ஆண்டு, உலகின் சிறந்த 60 இளம் ஆட்டக்காரர்கள் என்று பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளேடு வெளியிட்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பெல்ஜியத்தின் கேவி கோர்ட்ரைக் கிளப் 5 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. "அடுத்த சூப்பர் ஸ்டார் இவர்தான்" என்று நாடே பேசியது.

ஆனால், நினைத்தது நடக்கவில்லை. ஏன்?

லுக்மானுக்கு என்ன ஆச்சு?

கோர்ட்ரைக்கின் மூத்த அணிக்காக லீக் ஆட்டங்களில் அவருக்குக் கிடைத்தது வெறும் சில நிமிடங்கள்தான். 2023இல் ஐஸ்லாந்தின் நியார்ட்விக் அணிக்கு இரவலாகப் போனார். 2024இல் ஜப்பானின் ஒய்எஸ்சிசி யோகோஹாமா. அதன்பின் நாடு திரும்பி நெகிரி செம்பிலான் அணியில் சேர்ந்தார்.

இந்த அனுபவம் லுக்மானோடு தொடங்கவில்லை. 2012இல், 17 வயது நஸ்மி ஃபைஸ் மன்சோர் போர்ச்சுகலின் பெய்ரா-மார் அணியோடு 3 ஆண்டு ஒப்பந்தம் போட்டார். சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார். 2020இல் ஜொகூர் டாருல் தாசிம் அணியின் சஃபாவி ரசிட் இரவலாக போர்ட்டிமோனென்ஸுக்குப் போனார். அங்கே மூத்த அணியில் இடம் பிடிக்க முடியாமல் அவரும் ஜொகூருக்கே திரும்பினார்.

நஸ்மி, சஃபாவி இருவருமே பிறகு ஜேடிடி சட்டையில் கிண்ணங்களை வென்றார்கள். ஆக, திறமை இல்லாமல் போகவில்லை. அப்புறம் எதுதான் குறைந்தது?

ஒரே வயது, வேறு பாதை

லுக்மான் பிறந்தது 2002 மார்ச். அதே 2002 மே மாதம் பிறந்தவர் அரிஃப் ஐமான் ஹனாபி. 16 வயதில் லுக்மான் அளவுக்கு அவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் 2020இல், 18 வயதில், அரிஃப் ஜேடிடியின் மூத்த அணிக்கு ஆடத் தொடங்கினார். வாராவாரம் களம், வாராவாரம் பெரியவர்களோடு மோதல். அதன்பின் பலமுறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவோடு மலேசியா 3-3 என்று சமன் செய்தபோது அதில் ஒரு கோல் அவருடையது.

ஒருவர் ஐரோப்பா போய் பெஞ்சில் உட்கார்ந்தார். இன்னொருவர் ஜொகூரில் இருந்தே ஆடினார். "அப்போ வெளிநாடு போகவே கூடாதா?" என்று கேட்டால், அப்படி இல்லை. எந்த ஊர் என்பதைவிட, எத்தனை நிமிடம் ஆடக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

18 முதல் 21 வரை: அந்த இடைவெளி

மலேசியாவில் சின்ன வயதுப் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது. கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூரின் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி. 17 வயது வரை பாதை தெளிவாகத்தான் இருக்கிறது.

சிக்கல் அதற்குப் பிறகு. 18 வயதுப் பையன் இனி 28, 30 வயதுக்காரர்களோடு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். பயிற்சியாளருக்கோ அடுத்த ஆட்டத்தை வென்றாக வேண்டிய நெருக்கடி. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான ஒதுக்கீடும் கூடிவிட்டது. அனுபவம் இருந்தால்தான் இடம். இடம் கிடைத்தால்தான் அனுபவம். நடுவில் மாட்டிக்கொள்வது பையன்தான்.

இந்த இடைவெளியை அடைக்க முன்பு ஹரிமாவ் மூடா இருந்தது. மலேசியக் காற்பந்துச் சங்கம் 2007இல் உருவாக்கிய இளையர் அணி அது. சிங்கப்பூர் லீகிலும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில லீகிலும் பெரியவர்களுக்கு எதிராகவே ஆடியது. 2015இல் அதைக் கலைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கும் 2022 சீசனோடு முடிந்தது. ஜேடிடியின் இரண்டாவது அணி போன்றவை ஆடியது அங்கேதான். இப்போது எம்எஃப்எல் கிண்ணம் இருக்கிறது. அது பெரும்பாலும் இளையர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளும் போட்டி.

2014 முதல் சூப்பர் லீகை விடாமல் வென்றுவரும் ஜேடிடியில் இந்தப் போட்டி இன்னும் கடுமை. வசதி, பயிற்சி எல்லாம் நாட்டிலேயே முதல் தரம். ஆனால் முதல் 11 பேரில் நுழைவதும் அதே அளவுக்குக் கஷ்டம். அரிஃப் போல ஒருவர் நுழைந்தால், வெளியே காத்திருப்பவர்கள் பலர்.

நம்ம பசங்க?

என். தனபாலனை ஞாபகம் இருக்கிறதா? 2017 சீ விளையாட்டுப் போட்டியின் அரையிறுதி. இந்தோனேசியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி ஒரே கோல் அடித்து மலேசியாவை இறுதிக்குக் கொண்டுபோனவர். ரசிகர்கள் அவரை 'பலோட்டெலி' என்றே கூப்பிட்டார்கள்.

தனபாலன் ஹரிமாவ் மூடாவில் வளர்ந்தவர். அந்த அணி கலைக்கப்பட்டபோது அவருக்கு 20 வயது. பிறகு மூத்த தேசிய அணியின் கதவு திறந்தாலும், அதில் நிலையான இடம் அமையவில்லை.

இந்தியச் சமூகத்தின் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வழி வந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியும் 2022 சீசனுக்குப் பிறகு சூப்பர் லீகிலிருந்து விலகிக்கொண்டது. ஒரு கிளப் மூடினால் போவது பெயர்ப் பலகை மட்டுமல்ல. 20 வயதுப் பையன்கள் ஆடியிருக்கக்கூடிய நிமிடங்களும் சேர்ந்தே போகின்றன.

16 வயதில் தெரிவது முழு உண்மையா?

அதுவும் இல்லை. வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். கிட்டத்தட்ட ஓராண்டு வித்தியாசம். 13, 14 வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் அப்படியே தெரியும். சீக்கிரம் வளர்ந்தவர் 'நட்சத்திரம்' ஆவார். 20 வயதில் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். பல நாடுகளில், பல விளையாட்டுகளில் ஆய்வாளர்கள் கண்டது இது.

அமெரிக்காவின் ஃப்ரெடி அடு 2004இல் 14 வயதிலேயே தொழில்முறை லீகில் களமிறங்கினார். பெலேவோடு ஒப்பிட்டார்கள். பிறகு நாடு நாடாக, கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தார்.

2018க்கே திரும்புவோம். 6-2 என்று ஜெயித்த மலேசியா அந்தப் போட்டியில் குழுச் சுற்றோடு வெளியேறியது. 6 கோல் வாங்கிய தஜிகிஸ்தான் இறுதியாட்டம் வரை போனது! ஒரு ஆட்டத்தை வைத்து ஒரு தலைமுறையை எடைபோட முடியாது.

படிப்பா, பந்தா?

அமெரிக்காவில் கல்லூரி அணிகளே தொழில்முறைக்கான பாலம். அங்கேயும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரி மாணவர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே என்எஃப்எல் போகிறார்கள். ஆனால் போக முடியாதவர் கையில் ஒரு பட்டமாவது இருக்க வாய்ப்புண்டு.

மலேசியாவில் யூஐடிஎம் பல்கலைக்கழக அணி 2020, 2021 சீசன்களில் சூப்பர் லீகிலேயே ஆடியது. படித்துக்கொண்டே உயர்மட்டக் காற்பந்து ஆடலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம். அந்தப் பாதை தொடரவில்லை. அதனால் எஸ்பிஎம் முடித்த பலருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை.

தேர்வுக்குப் போகிறீர்களா? இதைக் கேளுங்கள்

நீங்களோ உங்கள் தம்பியோ ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போவதாக இருந்தால், கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்:

• போன சீசனில் இந்த கிளப்பின் 19, 20 வயது ஆட்டக்காரர்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்?

• மூத்த அணியில் இடம் இல்லை என்றால் இரவலாக அனுப்புவீர்களா? எங்கே?

• கல்லூரி வகுப்புக்கு நேரம் கிடைக்குமா?

• சம்பளம் தாமதமானால், காயம் பட்டால், ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

கேட்கக் கூச்சமாக இருந்தால் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "பார்ப்போம் தம்பி" என்று மட்டும் வந்தால், ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.