நிறுவும் முன் ஓர் ஒத்திகை

2021இல் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அன்றைய நிலையில் ஸ்டீமுக்குத் தேவையான பேக்கேஜ்களில் ஒரு முரண் இருந்தது. டெஸ்க்டாப்பை நீக்கினால்தான் ஸ்டீமை நிறுவ முடியும் என்று அதன் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் முடிவுகட்டி, எச்சரிக்கையும் கொடுத்தது. கேட்ட உறுதிமொழியை அவர் தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. பிறகு, அப்படி ஒரு வாசகத்தை அடித்து அடிப்படைப் பேக்கேஜ்களை நீக்கும் வழியை ஆப்டை உருவாக்குபவர்கள் அடைத்தார்கள்.

லினக்ஸில் பெரும்பாலான செயலிகள் தனியாக வருவதில்லை. ஒன்றுக்கு இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பு வேண்டும். சில ஜோடிகள் ஒரே கணினியில் இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைப் பொருத்திப் பார்ப்பதுதான் பேக்கேஜ் மேனேஜரின் வேலை. பொருத்தம் கிடைக்க எதையாவது நீக்க வேண்டும் என்றால், அதையும் அது பட்டியலில் சேர்த்துவிடும்.

அந்தப் பட்டியலை முன்கூட்டியே பார்க்க டெபியன், உபுண்டுவில் ஆப்ட்-கெட் கட்டளையோடு ஒரு சிறுகோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்த்தால் போதும். நிர்வாகி கடவுச்சொல்கூட வேண்டாம். திரையில் வரிவரியாக ஓடும்: 'இன்ஸ்ட்' என்று தொடங்கினால் நிறுவப்படும், 'கான்ஃப்' என்றால் அமைக்கப்படும், 'ரெம்வ்' என்றால் நீக்கப்படும். மேம்படுத்தும் வரியில் பழைய பதிப்பு சதுர அடைப்புக்குள்ளும் புதியது வளைந்த அடைப்புக்குள்ளும் நிற்கும். நூறு வரி வந்தாலும் முதலில் தேட வேண்டியது 'ரெம்வ்' வரிகளைத்தான். உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று அங்கே இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஏன் நீக்குகிறது என்று தெரிந்த பிறகு தொடரலாம். ஓப்பன்சூசேயின் சிப்பரில் இதற்கு 'டிரை-ரன்' உண்டு. ஃபெடோராவின் டிஎன்எஃப்பில் 'அஸ்யூம்நோ' என்று சேர்த்தால், பட்டியலைக் காட்டிவிட்டு, இல்லை என்று தானே பதில் சொல்லி நின்றுவிடும்.

ஆனால் இந்த ஒத்திகையில் பேக்கேஜுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ஓடுவதில்லை. டேட்டாபேஸ் சர்வரை மேம்படுத்தும்போது அந்த ஸ்கிரிப்டுகளிலும் கோளாறு வரலாம். இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்பை எழுதப் போகின்றனவா என்பதும் ஆப்டின் ஒத்திகையில் தெரியாது. ஆப்டுக்காகப் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி அவற்றை உண்மையாகவே பிரிக்கும்போதுதான் தெரியும். கணினியில் உள்ள பேக்கேஜ் பட்டியல் பழையதாக இருந்தால் கணக்கும் பழைய கணக்குதான். ஆகவே முதலில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்து, ஒத்திகை பார்த்து, சர்வர் என்றால் பேக்கப்பும் எடுத்த பிறகே உண்மையான கட்டளையைக் கொடுங்கள்.