பற்றுச்சீட்டு யார் கையில்?

திருகோணமலைச் சீனன்குடாவின் பற்றைக்காட்டுக்குள் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மீது விழுந்து வெடித்தது. அந்தத் தாங்கியின் உருகி மடிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா, உள்ளே எந்தப் பெரிய கப்பலும் ஒதுங்கக்கூடிய ஆழத் துறைமுகம், பக்கத்தில் இந்தத் தாங்கிகள். இவற்றில் கண் வைக்காத வல்லரசு இல்லை. இவற்றை யாருக்குக் கொடுப்பது, எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு என்று தீர்மானிப்பவர்களோ நாம் வாக்களித்து அனுப்புகிறவர்கள். அந்த வாக்கைத் தேடி வரும் வேட்பாளரின் பிரசாரச் செலவை வெளிநாடொன்று இரகசியமாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி கொழும்பு அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியதல்ல. விட்டுக்கொடுக்க ஏதாவது உள்ள ஊர்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்கவேண்டும்.

இலங்கையில் இது வெறும் கற்பனையாக நின்றுவிடவில்லை. 2018 ஜூன் 25ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் ஒரு நீண்ட செய்தியை வெளியிட்டது. 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின்போது, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சீனத் துறைமுகப் பொறியியல் கம்பனியின் வங்கிக் கணக்கிலிருந்து அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் பிரசாரத்தோடு தொடர்புடையவர்களுக்கு குறைந்தது 76 இலட்சம் டொலர் போனதாக அது எழுதியது. அன்றைய மதிப்பில் இது ஏறத்தாழ 100 கோடி ரூபாய். செய்தி சொன்ன விபரங்கள் கூர்ந்து பார்க்கவேண்டியவை: ரீசேட் முதலான பிரசாரப் பொருட்கள் அச்சிட 6,78,000 டொலர், பெண்களுக்கான சேலை உட்பட ஆதரவாளருக்கான அன்பளிப்புகளுக்கு 2,97,000 டொலர், ராஜபக்சவை ஆதரித்த பிரபல பிக்கு ஒருவருக்கு 38,000 டொலர், அவர் தங்கியிருந்த அலரி மாளிகைக்குப் போன இரண்டு காசோலைகள் 17 இலட்சம் டொலர். பணத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்ட உபகணக்கின் பெயரே அம்பாந்தோட்டைத் துறைமுக அபிவிருத்தித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தைக் குறிப்பது. இந்தக் கணக்குப்படி பார்த்தால், துறைமுகம் கட்ட என்று திறந்த கணக்கு சேலைக்கும் செலவாகியிருக்கிறது. ராஜபக்ச இதை மறுத்தார். சீனத் தூதரகமும் மறுத்தது. எந்த நீதிமன்றமும் இன்றுவரை இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே குற்றம் நிரூபணமானதாக எழுத எனக்கு உரிமையில்லை. ஆனால் நிரூபிக்கவும் படாமல், பொய்யென்று தள்ளவும் படாமல் இத்தனை பெரிய குற்றச்சாட்டு அந்தரத்தில் தொங்குவதே ஒரு நாட்டுக்குக் கேடு.

அதே தேர்தலில் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தேர்தல் முடிந்து பத்து நாளில் ரொய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: எதிர்க்கட்சிகளை ஒன்று சேர்க்க உதவினார் என்ற குற்றச்சாட்டில், கொழும்பிலிருந்த இந்திய உளவு அமைப்பான றோவின் அதிகாரி தேர்தலுக்கு முன்பே திருப்பி அனுப்பப்பட்டார் என்று. அது வழமையான இடமாற்றம் என்றது இந்தியா. தன் தோல்விக்கு றோவும் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் வேலை செய்தன என்று ராஜபக்ச வெளிப்படையாகவே சொன்னார். ஒரே தேர்தல், இரண்டு அணி, இரண்டின் மீதும் அயலார் கை பட்டதாகக் குற்றச்சாட்டு. திருகோணமலை மாவட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ராஜபக்சவை எதிர்த்து நின்ற மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களித்தார்கள். அவர்கள் தங்கள் காரணங்களுக்காக, தங்கள் காயங்களுக்காக வாக்களித்தவர்கள். அந்த வாக்கையும் ஏதோ ஓர் உளவு அமைப்பின் திட்டம் என்று ஒருவர் சொல்லிவிட முடிகிறது. இரகசிய உதவி பற்றிய பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், சொந்தப் புத்தியில் வாக்களித்தவனின் வாக்கும் மதிப்பிழந்து போகிறது.

பணத்தால் வாக்கை வாங்கமுடியாது, சேலை கொடுத்தவர் தோற்றுப்போனார், பிறகு ஏன் இந்தக் கவலை என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சேலையை வாங்கிக்கொண்டு விரும்பியவருக்கு வாக்களிக்க நம் மக்களுக்குத் தெரியும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும்: அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை 2017 ஜூலையில் செய்தது, அந்தப் பணத்தைப் பெற்றதாகச் சொல்லப்படும் தரப்பு அல்ல, அதைத் தோற்கடித்து வந்த அரசு. அந்தக் குத்தகையைத் தேர்தல் பணம் வாங்கித் தரவில்லை. அரசின் பணமுடைதான் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அப்படியானால் தேர்தல் உதவியின் தீமை எங்கே இருக்கிறது? வாக்குப்பெட்டியில் அதைத் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கொடுத்தவன் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. வாங்கியவருக்கு அது தெரியும், கொடுத்தவனுக்குத் தெரியும், வாக்காளனுக்குத் தெரியாது. நாளை அதே இருவரும் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து துறைமுகத்தைப் பற்றிப் பேசும்போது, ஒருவர் மற்றவரிடம் எதையும் திருப்பிக் கேட்கவே தேவையில்லை. அந்தச் சீட்டு இருக்கிறது என்ற நினைப்பு போதும். அது வெளியே வந்தால் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்ற அச்சம் பேரத்தில் அவர் நாவைக் கட்டிப்போடும். பணத்தைவிட ஆபத்தானது, ஆட்சியாளரும் அந்நியரும் நமக்குத் தெரியாமல் பங்குபோடும் அந்த இரகசியம்தான்.

திருகோணமலைத் தாங்கிகளின் கதையோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் துலக்கமாகத் தெரியும். 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் குந்தகமாக எந்த நாட்டுக்கும் திருகோணமலையை இராணுவத் தேவைக்குக் கொடுப்பதில்லை என்றும், தாங்கிகளைத் திருத்தி இயக்கும் வேலை இரு நாட்டின் கூட்டு முயற்சி என்றும் எழுதப்பட்டது. 2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு 35 ஆண்டுக் குத்தகை. 2022 ஜனவரி 6ஆம் திகதி புதிய உடன்படிக்கை: 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சி.க்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். இந்த உடன்படிக்கைகள் நல்லவையா கெட்டவையா என்று இரண்டு பேர் நாள் முழுக்க வாதிடலாம். நானே சிலவற்றோடு உடன்படமாட்டேன். ஆனால் வாதிட முடிகிறது. திகதி இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. தேர்தல் உதவி இரகசியமாக நடக்கும் நாட்டில் இந்த வாதமே சாத்தியமில்லை. நல்ல உடன்படிக்கையையும் விற்றுவிட்டார்கள் என்பார்கள், கெட்டதையும் அதே சொல்லால் ஏசுவார்கள். இரண்டையும் பிரித்தறிய வழி இராது.

உலகமே இதைச் செய்கிறது, நாம் மட்டும் ஏன் அலட்டிக்கொள்வது என்பவர்களும் உண்டு. செய்வது உண்மைதான். 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதன் பின் ரஷ்யாவும் பிற நாட்டுத் தேர்தல்களில் 117 தடவை ஒரு பக்கம் சாய்ந்து தலையிட்டதாக ஆய்வாளர் டொவ் லெவின் கணக்கிட்டிருக்கிறார். அதில் 81 அமெரிக்காவினுடையவை. எல்லோரும் செய்வதால் அது சின்னக் காரியம் ஆகிவிடாது. கதவை நன்றாகப் பூட்டிக்கொள்ளவேண்டும் என்பதற்கே அது சாட்சி. பூட்டினால் மட்டும் போதாது என்பதையும் பக்கத்து நாடு காட்டுகிறது. இந்தியாவில் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் பெறுவதை 1976ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தது. இலண்டனில் பதிவான வேதாந்தாவின் ஸ்டெர்லைட் உள்ளிட்ட துணை நிறுவனங்களிடம் நன்கொடை பெற்று பா.ஜ.க.வும் காங்கிரசும் அந்தச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச் 28ஆம் திகதி டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்து நடந்தது என்ன? 2016இலும் 2018இலும் வரவுசெலவுச் சட்டங்களுக்குள் வைத்து ‘வெளிநாட்டு மூலம்’ என்ற சொல்லின் பொருளையே மாற்றி, அந்த மாற்றத்தை 1976 வரை பின்னோக்கிச் செல்லவைத்தார்கள். சட்டத்தை மீறியவர்களின் கையிலேயே சட்டத்தைத் திருத்தும் பேனாவும் இருந்தது.

நம்மவர் எழுப்பும் இன்னொரு ஆட்சேபம் கனமானது. கொழும்பின் பெரிய கட்சிகளிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. வடக்கு கிழக்கின் சிறிய கட்சிகளுக்குப் புலம்பெயர்ந்த உறவுகள்தான் துணை. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் நம் பிள்ளையின் பணமும் வெளிநாட்டுப் பணமா? ஒரு தாதி தன் சம்பளத்திலிருந்து அனுப்பும் காசையும் ஓர் அரசின் கம்பனி கொடுக்கும் காசோலையையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. அவளுக்கு இங்கே துறைமுகமும் வேண்டாம், தாங்கியும் வேண்டாம். ஆனாலும் அந்தக் காசு பெயரோடு வரவேண்டும். பெயரில்லாமல் வரும் பணத்தில், உறவின் அன்பு எது, உறவின் பெயரில் ஒளிந்துவரும் அந்நியக் கை எது என்று வாங்குகிற வேட்பாளருக்கே தெரியாது. சிறிய கட்சிதான் இதில் அதிகம் கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஒரு சந்தேகமே அதை அழிக்கப் போதும். 2019இலும் 2024இலும் வந்த ஐரோப்பிய ஒன்றியத் தேர்தல் கண்காணிப்பாளரையும் இரகசிய உதவியோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அழைப்பின்பேரில் வந்து, எழுதியதை எல்லோருக்கும் வெளியிட்டுப் போனவர்கள்.

2015இல் பிரசாரப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தேர்தல் சட்டமே இலங்கையில் இருக்கவில்லை. அந்த வெற்றிடத்தை 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் ஓரளவு நிரப்பியது. வெளிநாட்டு அரசிடமும் வெளிநாட்டில் பதிவான கம்பனியிடமும் நன்கொடை பெறுவதை அது தடுக்கிறது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று வைத்து ஒரு வேட்பாளரின் செலவுக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபாய் எல்லை போடப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் வரவுசெலவுக் கணக்கை ஒப்படைக்கும் நாள், முடிவு வெளியான பிறகு 21 நாளுக்குள். வாக்குப் போட்ட மை விரலில் மங்கிய பிறகு பற்றுச்சீட்டைக் காட்டி என்ன பயன்? சேருவில, திருகோணமலை, மூதூர் என்ற மூன்று தொகுதிகளும் சேர்ந்து நான்கு பேரைப் பாராளுமன்றம் அனுப்புகின்றன. அந்த நான்கு இடத்துக்குப் போட்டியிடும் ஒவ்வொருவரும் தனக்குப் பணம் தந்தவர்களின் பட்டியலை வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஒப்படைக்கவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தலாம். பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் திருகோணமலைக் கச்சேரியின் சுவரிலும் மூதூர் பிரதேச செயலகத்தின் சுவரிலும் ஒட்டுவதற்கு அதிகம் செலவாகாது. 2022இல் கொடுத்த தாங்கிகளின் குத்தகை 50 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் பத்து ஜனாதிபதித் தேர்தல்கள் வந்துபோகும்.