உங்களுக்குத் தெரியுமா? பழைய நாற்காலிக்குப் புது மவுசு!

பழைய தேக்கு நாற்காலியைப் பளபளக்க வைப்பது யார்? ஒரு பூச்சி! ஆசாரி பூசும் பிரெஞ்ச் பாலிஷ், அரக்குப் பூச்சியின் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்ததுதான். ஒரு கிலோ அரக்குக்கு உழைக்கும் பூச்சிகள் லட்சக்கணக்கில்!

உலகிலேயே அரக்கு அதிகம் விளைவது நம் இந்தியாவில். அதிலும் ஜார்க்கண்டுக்கே முதலிடம்!

அந்தக் கால 78 ஆர்.பி.எம். கிராமபோன் தட்டிலும் இதே அரக்குதான். சில மிட்டாயிலும் மாத்திரையிலும் மினுமினுப்பதும் இதுவே. நாம் பாலிஷும் சாப்பிடுகிறோம்!

மேஜையில் இருப்பது அரக்கு பாலிஷா, வேறு சரக்கா? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, கண்ணில் படாத மூலையில் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு. கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்!

பாலிஷ் உரித்த பலகையில் குழி விழுந்திருக்கிறதா? ஈரத் துணியை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி வையுங்கள். நசுங்கிய மரநார் ஆவி குடித்து நிமிர்ந்துவிடும்!

உப்புத்தாளில் எண் கூடினால் முரடு குறையும். 80 சுரண்டும். 120 சமன் செய்யும். 220 வழவழப்பாக்கும்!

வினிகரில் துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் ஊறப்போடுங்கள். அந்தத் தண்ணீர் பட்டதும் துவர்ப்புச் சத்துள்ள ஓக் மரம் கன்னங்கரேல்! துவர்ப்புச் சத்து இல்லாத மரமா? முதலில் கெட்டி டீத்தண்ணி பூசுங்கள். அதுவும் கறுக்கும்!

தேய்க்காமல், பிரைமர் அடிக்காமல் நேரே பூசும் சாக் பெயின்ட்டை 1990இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன். ஒரு பெண்மணி!

நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது. விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் பெயின்ட் அடித்த கட்டிலை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்!

மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிக்குத் தீக்குச்சியே வேண்டாம். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்! 1991இல் பிலடெல்ஃபியாவின் 38 மாடிக் கட்டடத்தில், மரவேலை செய்த இடத்தில் விட்டுப்போன துணிகள் 22வது மாடியில் பற்றின. 8 மாடிகள் நாசம். 30வது மாடியில் தீயை மடக்கியது வெறும் 10 நீர்த்தூவிகள்!

எண்ணெய் பூசி முடித்ததும் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்!