பூமியின் வெப்பமும் கணினியின் கணக்கும்

சிங்கப்பூரின் வடபகுதியிலுள்ள செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்குச் செல்வோர், அங்குள்ள சுடுநீரில் முட்டையை அவித்து உண்டு மகிழ்வதைக் காணலாம். அந்நீரின் உஷ்ணம் ஏறத்தாழ 70 டிகிரி. அதனைச் சூடாக்க விறகும் வேண்டியதில்லை, எரிவாயுவும் வேண்டியதில்லை. பூமியின் உள்ளே பொதிந்து கிடக்கும் வெப்பமே அங்கு அடுப்பாக அமைந்துள்ளது.

இவ்வெப்பத்தைக் கொண்டு மின்சாரமும் ஆக்கலாம் என்பதை முதன்முதலில் காட்டிய நாடு இத்தாலி. அந்நாட்டின் லார்டரெல்லோ என்னும் ஊரில், 1904ஆம் ஆண்டில், பியரோ ஜினோரி கான்டி என்னும் பிரபு, நிலத்திலிருந்து வெளிப்பட்ட நீராவியால் ஒரு சிறு யந்திரத்தை ஓட்டி ஐந்து விளக்குகளை எரியச் செய்தார். 1913இல் அவ்வூரிலேயே 250 கிலோவாட் திறனுள்ள மின்நிலையம் எழுந்தது. இன்று அமெரிக்கா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், துருக்கி, நியூசிலாந்து, ஐஸ்லாந்து, கென்யா முதலிய நாடுகளில் புவிவெப்ப மின்நிலையங்கள் இரவு பகலாக இயங்கி வருகின்றன.

கண்ணுக்குத் தெரியாத கொதிகலன்

நிலக்கரியால் இயங்கும் மின்நிலையத்தில் நீராவியை உண்டாக்கும் கொதிகலன் கண்ணெதிரே நிற்கிறது. அதில் எவ்வளவு நீர் உள்ளது, எவ்வளவு அழுத்தம் உள்ளது என்பதைக் காவல் நிற்கும் தொழிலாளி உடனே அறிந்துகொள்ளலாம். புவிவெப்ப நிலையத்திலோ கொதிகலன் என்பது நிலத்தின் கீழ் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் வெடிப்புற்ற பாறையே ஆகும். அதில் எவ்வளவு நீர் இருக்கிறது, எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பவற்றை யாரும் நேரில் கண்டதில்லை. ஆங்காங்கே தோண்டிய கிணறுகள் சொல்லும் செய்தியைக் கொண்டே முழுவதையும் ஊகிக்க வேண்டியுள்ளது. ஊகம் பிழைத்தால் விளையும் தீங்கு என்ன என்பதற்குக் கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் வட்டாரமே சான்று.

கெய்சர்ஸ் கற்பித்த பாடம்

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மாயகாமாஸ் மலைகளில் அமைந்துள்ளது கெய்சர்ஸ். உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்வட்டாரம் இதுவே. இங்கு 1960இல் 11 மெகாவாட் திறனுள்ள முதல் நிலையம் தொடங்கப்பெற்றது. நல்ல நீராவி கிடைப்பதைக் கண்ட பல நிறுவனங்கள் போட்டியிட்டுக்கொண்டு கிணறுகளைத் தோண்டின. 1980களின் இறுதியில் அமைக்கப்பட்ட திறன் சுமார் 2,000 மெகாவாட்டை எட்டியது. ஆனால் அதே காலத்தில் நீராவியின் அழுத்தம் வேகமாகக் குறையத் தொடங்கியது. புதிய கிணறு ஒன்றைத் தோண்டினால் பக்கத்துக் கிணறு தளர்ந்தது. பெரும் பொருட்செலவில் நிறுவிய யந்திரங்கள் போதிய நீராவியின்றி அரைகுறையாக ஓடின, சில மூடப்பட்டன.

பாறையின் சூடு தணிந்துவிட்டதோ என்றால், இல்லை. சூடு இருந்தது, நீர்தான் குறைந்துவிட்டது. யந்திரத்தைச் சுழற்றிய நீராவியின் பெரும்பகுதி குளிர்கோபுரங்களின் வழியே ஆகாயத்தில் கலந்துபோயிற்று. கன்றுக்கு விடாமல் பால் கறந்த கதையாயிற்று. பின்னர் 1997இல் லேக் கவுன்டியிலிருந்தும், 2003இல் சான்டா ரோசா நகரிலிருந்தும் சுத்திகரித்த கழிவுநீரை நீண்ட குழாய்களில் கொண்டுவந்து பாறைக்குள் செலுத்தலாயினர். அழுத்தத்தின் வீழ்ச்சி மட்டுப்பட்டது.

எனினும் நீரை எந்த இடத்தில், எவ்வளவு செலுத்துவது? தவறான இடத்தில் செலுத்தினால் குளிர்நீர் நேரே உற்பத்திக் கிணற்றுக்குள் ஓடி அதனைக் கெடுத்துவிடும். இந்த இடத்தில்தான் கணினியின் உதவி இன்றியமையாததாகிறது.

பாறையைக் கட்டங்களாக்கும் முறை

நிலத்தடிப் பாறையைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் உஷ்ணம், அழுத்தம், நீரை ஊடுருவவிடும் தன்மை ஆகியவை எண்களாகக் கொடுக்கப்படுகின்றன. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்திற்கு எவ்வளவு நீரும் வெப்பமும் செல்லும் என்பதைப் பௌதிக விதிகளின்படி கணினி கணக்கிடுகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் உருவான ‘டஃப்’ என்னும் கணினி நிரல் இவ்வகையில் புகழ்பெற்றது.

இக்கணக்கை நம்புவது எங்ஙனம்? அதற்கும் ஒரு சோதனை உண்டு. கிணறு தோண்டுவதற்கு முன் அவ்வட்டாரம் இருந்த இயற்கை நிலையைக் கணினி முதலில் தோற்றுவித்துக் காட்ட வேண்டும். பிறகு, கடந்த ஆண்டுகளில் எடுத்த நீராவியின் அளவைக் கொடுத்தால், கிணறுகளில் உண்மையாகவே அளக்கப்பட்ட அழுத்த வீழ்ச்சி கணக்கிலும் வர வேண்டும். வராவிட்டால் எண்களைத் திருத்தி மீண்டும் கணக்கிடுவர். பழைய வரலாற்றைச் சரியாகச் சொல்லத் தெரிந்த கணினியிடமே வருங்காலத்தைப் பற்றிக் கேட்கின்றனர்.

நியூசிலாந்தின் வைராக்கே வட்டாரத்தில் 1958 முதல் மின்சாரம் ஆக்கப்படுகிறது. நீரை அளவின்றி எடுத்ததால் அங்கு ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்துவிட்டது. அவ்வட்டாரத்திற்கு ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 1980களிலிருந்தே கணினி மாதிரி அமைத்து, காலந்தோறும் திருத்தி வந்துள்ளனர்.

கிணற்றுக்குக் காவல்

கணினிக்குத் தீனி அளவைகளே. முன்னாளில் ஊழியர் ஒருவர் கிணறு கிணறாகச் சென்று கடிகை முள்ளைப் பார்த்து ஏட்டில் எழுதி வருவார். இன்றோ உணர்கருவிகள் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் இடையறாது அனுப்புகின்றன. கண்ணாடி இழையைக் கிணற்றுக்குள் இறக்கி, அதன் வழியே ஒளியைச் செலுத்தி, கிணற்றின் நெடுகிலும் உள்ள உஷ்ணத்தை அறிகின்றனர். கெய்சர்ஸில் நிலநடுக்கமானிகள் மிக நுண்ணிய அதிர்வுகளைப் பதிவு செய்கின்றன. செலுத்திய குளிர்நீர் சுடுபாறையைத் தொடும்போது அத்தகைய அதிர்வுகள் எழுவதால், அவை தோன்றும் இடங்களைக் கொண்டு நீர் சென்ற வழியையும் அறிய முடிகிறது.

மற்றொரு தொல்லை சிலிக்கா. சுடுநீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் குளிர்ந்தால் அது குழாய்களில் கண்ணாடிபோல் படிந்து அடைத்துக்கொள்ளும். நீரிலிருந்து வெப்பத்தை மேலும் எடுத்தால் மின்சாரம் கூடும், குழாயும் அடைபடும். எந்த எல்லைவரை குளிர்விக்கலாம், படிவதைத் தடுக்க எவ்வளவு அமிலம் சேர்க்கலாம் என்பவற்றை அளந்து கணக்கிடும் கருவிகள், அபாயமின்றி அவ்வெல்லையை நெருங்க உதவுகின்றன.

உஷ்ணம் குறைந்த நீரைக் கொண்டு பென்டேன் போன்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைக் கொதிக்கச் செய்து யந்திரம் ஓட்டும் நிலையங்களும் உண்டு. இவற்றில் பலவற்றிற்கு வெளிக்காற்றே குளிர்ச்சி தருகிறது. எனவே வெயில் ஏறினால் உற்பத்தி குறையும். குளிர்ந்த இரவில் கூடும். காற்றாடிகளை அதிகம் சுழற்றினால் குளிர்ச்சி மிகும். ஆயின் அவையே மின்சாரத்தைத் தின்றுவிடும். எத்தனை காற்றாடிகள் எவ்வேகத்தில் சுழன்றால் மிச்சம் அதிகம் என்பதைக் கணினி நொடிதோறும் தீர்மானிக்கலாம்.

எல்லையும் உண்டு

கணினியை மந்திரக்கோல் என்று கருதிவிடலாகாது. ஒரே பழைய வரலாற்றுக்குப் பொருந்தும் மாதிரிகள் பல இருக்கக்கூடும். அவை வருங்காலத்தை வேறு வேறாகச் சொல்லும். ஆகவே தேர்ந்த பொறியியலாளர்கள் ஒரு விடையோடு நின்றுவிடுவதில்லை. பல மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, இதற்குக் குறையாது, இதற்கு மிகாது என எல்லை வகுக்கின்றனர். பழுதான கருவி தரும் எண்ணும் எண்ணாகவே கணக்கில் ஏறுமாதலால், அதனை ஐயுற்றுச் சோதிக்கும் அனுபவசாலியின் கண்ணும் என்றும் தேவை. மேலும், கெய்சர்ஸ் அருகே வாழும் மக்கள் நீரைச் செலுத்துவதால் எழும் சிறு அதிர்வுகளைத் தம் வீடுகளில் உணர்கின்றனர். அவர்கள் குறையைக் கேட்பது மனிதரின் கடமையே.

நம் அண்டை நாடான இந்தோனேசியா, புவிவெப்ப மின்திறனில் அமெரிக்காவுக்கு அடுத்த நிலையில் உள்ளது. மேற்கு ஜாவாவின் கமோஜாங் நிலையம் 1983இல் இயங்கத் தொடங்கியது. ஆழ்கிணறு ஒன்றைத் தோண்டுவதற்குப் பல லட்சம் டாலர் செலவாகும். தோண்டிய பின் நீராவி கிட்டாவிட்டால் அத்தனையும் நஷ்டம். புதுக்கிணறு தோண்டாமல் இருக்கும் கிணறுகளைக் காத்துப் பயன் பெருக்குவதே சிக்கனமான வழி. பூமி தரும் வெப்பம் பெரிது. அதனைத் தாங்கிவரும் நீரோ அளவுக்கு உட்பட்டது. எவ்வளவு கறக்கலாம், எவ்வளவு விட்டுவைக்கலாம் என்ற கணக்கைச் சொல்வதே கணினி செய்யும் பேருதவி. அக்கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பது மனிதனின் கையில்தான் இருக்கிறது.