கணினி பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது?

வீட்டுக் கணினி பழுதடைவதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. பிள்ளை மறுநாள் பள்ளியில் ஒப்படைக்க வேண்டிய பாடப்பணி உள்ளே இருக்கும். இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், திரையில் ஒரு வட்டம் சுழன்று கொண்டே இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் குடியிருப்போருக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. பழுது பார்க்கும் கடை பட்டணத்தில் இருக்கும். வேலை முடிந்து, குளித்துவிட்டுக் கிளம்புவதற்குள் கடையை மூடிவிடுவார்கள்.

ஒருவழியாகக் கடைக்குக் கொண்டு போனாலும், அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, ஃபார்மட் போட்டாத்தான் சரி வரும்." அந்தச் சொல்லின் பொருள் தெரியாமலேயே, "சரி தம்பி, எப்படியாவது ஓட வச்சுக் கொடுங்க" என்று அந்த அம்மாளும் சொல்லிவிடுவார். இரண்டு நாளில் கணினி புதிது போலத் திரும்பி வரும். ஆனால், உள்ளே இருந்த படங்கள் ஒன்றுகூட இருக்காது.

ஃபார்மட் என்பது வன்தட்டைத் துடைத்துவிட்டு, விண்டோஸை மீண்டும் புதிதாகப் பதிப்பது. விண்டோஸைத் திரும்பப் பெறலாம். காலமான தந்தையின் படத்தை எங்கே போய் வாங்குவது?

தோட்ட மக்களுக்கு இது வெறும் குடும்ப இழப்பு மட்டுமல்ல. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் பயிரிடத் தொடங்கிய முன்னோடி இடங்களில் மலாக்காவும் ஒன்று. 1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் அதைத் தொடங்கினார். அந்தப் பால்மரக் காடுகளில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வீடுகள், தோட்டத்துக் கோயில் திருவிழா, கடைசியாகப் பால் வெட்டிய தலைமுறை என அவற்றின் படங்கள் பலவும் இப்போது வீட்டுக் கணினிகளுக்குள்தான் கிடக்கின்றன. எனவே, ஃபார்மட் என்ற சொல்லுக்குத் தலையாட்டும் முன், கணினி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அவசியம். நின்ற இடம் தெரிந்தால் பாதிப் பழுது தெரிந்த மாதிரி.

கணினி எப்படி விழித்தெழுகிறது?

கணினி நான்கு படிகளில் கிளம்புகிறது. முதலில் மின்சாரம் எல்லாப் பாகங்களுக்கும் போகிறது. அடுத்து, நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவை நலமாக இருக்கின்றனவா என்று கணினி தன்னைத்தானே சோதித்துக் கொள்கிறது. மூன்றாவதாக, தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்ற சிறு நிரல், விண்டோஸ் இருக்கும் வன்தட்டைத் தேடுகிறது. நான்காவதாக, விண்டோஸ் ஏறுகிறது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் தனிநபர் கணினி வந்த காலம் தொட்டு இதே வரிசைதான். புதிய கணினிகளில் பயாசுக்குப் பதிலாக யு.இ.எஃப்.ஐ. வந்திருக்கிறது, அவ்வளவே.

முதலில் வெளியே பாருங்கள்

செலவில்லாத சோதனைகள் இரண்டு உண்டு. செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றை எல்லாம் கழற்றிவிடுங்கள். பென் டிரைவில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே கணினி அங்கேயே நின்றுவிடுவது உண்டு. அடுத்து, கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வெளியேறியதும் பல கணினிகள் தாமாகவே சரியாகிவிடும்.

ஆனால், ‘அப்டேட்’ நடப்பதாகத் திரையில் எழுத்து இருந்தால் பொறுமை தேவை. பழைய கணினியில் அது ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வன்தட்டு விளக்கு மினுக்கிக் கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்தால், இல்லாத பழுதை நாமே உண்டாக்கியது போல் ஆகிவிடும்.

எந்தப் படியில் நின்றது?

விளக்கே எரியவில்லை என்றால் அது முதல் படி. சுவிட்சு, கம்பி, மின்வழங்கிப் பெட்டி ஆகியவற்றில்தான் கோளாறு. இடி மின்னலுக்குப் பிறகு இப்படி நேர்வது இங்கே வாடிக்கை. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக் கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியைக் கடையில் மாற்றிக் கொள்ளலாம். வன்தட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே, இங்கே ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

காற்றாடி சுற்றுகிறது, ஆனால் திரை இருட்டாக இருக்கிறது, ‘பீப்’ ஒலி திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் அது இரண்டாம் படி. பெரும்பாலும் நினைவகப் பலகைதான் காரணம். நம் நாட்டு ஈரக்காற்றும் தூசும் அதன் முனைகளில் படிந்துவிடும். மேசைக் கணினியாக இருந்தால், மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு அந்தப் பலகையைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, மீண்டும் அழுத்திப் பொருத்தலாம்.

தயாரிப்பாளரின் சின்னத்தோடு நின்றால், அல்லது வன்தட்டைக் காணோம் என்று செய்தி வந்தால், அது மூன்றாம் படி. கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் மின்கலம். வாங்கி மாற்றிவிடலாம். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படங்களை மீட்கும் வாய்ப்பு குறைந்து கொண்டே போகும்.

விண்டோஸ் சின்னம் தோன்றி, வட்டம் சுழன்றபடியே இருந்தால் அது நான்காம் படி. அதிகமான வீடுகளில் ஃபார்மட் போடப்படுவது இங்கேதான். அது பெரும்பாலும் தேவைப்படாததும் இங்கேதான்.

உலகமே நின்ற ஒரு வெள்ளிக்கிழமை

2024 ஜூலை 19ஆம் தேதி மலேசிய நேரப்படி நண்பகல் 12.09க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு புதுப்பிப்பை அனுப்பியது. அதிலிருந்த பிழையால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்று, திரும்பத் திரும்பத் தொடங்கித் தவித்தன. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தனர். இந்தியாவில் சில விமான நிலையங்களில் பயண அட்டையைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தீர்வு என்ன? கணினியைச் ‘சேஃப் மோட்’ எனப்படும் பாதுகாப்பு முறையில் திறந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்குவது. யாரும் 85 லட்சம் கணினிகளுக்கு ஃபார்மட் போடவில்லை. வீட்டுக் கணினிக்கும் இதே வழி உண்டு.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், சின்னம் தோன்றியதும் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் பழுது நீக்கும் திரை தானாகவே வரும். அதில் ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’, ‘ரீஸ்டார்ட்’ என்று வரிசையாகப் போய், 4ஆம் எண்ணை அழுத்தினால் பாதுகாப்பு முறை திறக்கும். பழைய விண்டோஸ் 7 என்றால் தொடக்கத்திலேயே எஃப்8 விசையை அழுத்தினால் போதும்.

திறந்துவிட்டால் முதல் வேலை, படங்களையும் பாடப்பணிகளையும் பென் டிரைவில் நகல் எடுப்பது. பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. கடைசியாகச் சேர்த்த மென்பொருளை நீக்கிப் பாருங்கள். ‘சிஸ்டம் ரிஸ்டோர்’ மூலம் கணினியை நன்றாக இருந்த ஒரு நாளுக்குத் திருப்பலாம். அதனால் படங்கள் அழியாது. ‘ரீசெட்’ செய்ய நேர்ந்தால், ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதையே தேர்ந்தெடுங்கள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தொட வேண்டாம்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

எதுவும் பலிக்காவிட்டாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கெட்டுப் போனாலும் கோப்புகள் வன்தட்டில் அப்படியே இருக்கலாம். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தோ, லினக்ஸ் பதிந்த பென் டிரைவால் கணினியைத் திறந்தோ அவற்றை நகல் எடுக்கலாம். புதிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

ஆகவே, கடையில் கணினியை இறக்கி வைத்ததும் சொல்ல வேண்டியது இதுதான்: "தம்பி, முதல்ல உள்ள இருக்கறத எல்லாம் எடுத்து வச்சிருங்க. எங்கிட்ட கேக்காம ஃபார்மட் போடாதீங்க." பற்றுச்சீட்டிலும் இதை எழுதி வாங்கிக் கொள்வது நல்லது.

வருமுன் காப்பது இதைவிட எளிது. இடி முழக்கம் கேட்டால் மின் இணைப்போடு இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை முக்கியமான படங்களை வெளி வன்தட்டில் ஏற்றி, அதைக் கணினியிலிருந்து தனியே எடுத்து வைக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் படங்களையும் அதே அக்கறையோடு பாதுகாக்க வேண்டும்.